செங்கல் சூளையிலிருந்து கொள்கலன் முனையம் வரை



அண்மையில் வகுப்பில் ஒரு மாணவன், "ஐயா, பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மட்டும் நம்மவர்கள் ஏன் இவ்வளவு பேர்?" என்று கேட்டான். தோட்டப்புறக் கதையைச் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பிரிக்பீல்ட்ஸ் தோட்டமன்று. விடை சரக்குப் போக்குவரத்தில் இருக்கிறது.

கோலாலம்பூரின் முதற்பொருள் ஈயம். 1880களின் தொடக்கத்தில் அது மாட்டு வண்டியில் டாமான்சாராவுக்கு வந்து, படகேறிக் கிள்ளானை அடைந்து, அங்கிருந்து கப்பலுக்கு மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் கூலி, காலதாமதம், களவு. சரக்கு நகரும்போது ஆகும் செலவைவிட, கைமாறும்போது ஆகும் செலவே வணிகரை வாட்டியது. கிள்ளான் பள்ளத்தாக்கின் போக்குவரத்து வரலாறு முழுவதும் இந்தக் கைமாற்றங்களைக் குறைக்கும் முயற்சியே என்பேன்.

1886இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடாவுக்கு இரயில் ஓடியது. இடையில் கிள்ளான் ஆறு நின்றது. 1890இல் பாலம் அமைந்ததும் தண்டவாளம் கிள்ளான் நகருக்குள் நுழைந்தது. எனினும் ஆற்றுத்துறை பெரிய கப்பல்களுக்கு ஏற்றதன்று. ஆகவே கடல்முகத்தில் ஆழமான இடம் தேடி, 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. இப்போது இரயிலிலிருந்து நேரே கப்பலுக்கு!

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சதுப்புக் காட்டை வெட்டி எழுப்பிய அத்துறைமுகத்தில் மலேரியா பரவி, வேலையாட்கள் கொத்துக் கொத்தாய் விழுந்தனர். துறைமுகத்தையே மூடும் நிலை வந்தது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்று இந்தியாவில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை நம்பி, கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடிக்கச் சொன்னார். வாய்க்கால்கள் வெட்டப்பட்டன, பள்ளங்கள் தூர்க்கப்பட்டன, காய்ச்சல் தணிந்தது. கிரேன்களைப் பற்றிப் பெருமை பேசும் நாம் அந்த வாய்க்கால்களை மறந்துவிடுகிறோம். மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர்களையோ எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை.

மாணவனின் கேள்விக்கு வருகிறேன். துறைமுகத்தை நெடுங்காலம் நடத்தியது இரயில்வேதான். கப்பல்துறையும் தண்டவாளமும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தன. பிரிக்பீல்ட்ஸ், தன் பெயருக்குக் காரணமான செங்கல் சூளைகளோடு நிற்காமல், இரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் வளாகமாகவும் வளர்ந்தது. பழுதுபார்க்கச் செந்தூலில் பட்டறை எழுந்தது. தண்டவாளம் போடவும் மூட்டை சுமக்கவும் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தனர். கணக்கெழுதவும் நிலையம் நடத்தவும் யாழ்ப்பாணத்தார் வந்தனர். இருவரும் பேசியது தமிழே. ஆயினும் சம்பளமும் குடியிருப்பும் வேறு வேறு, உறவாடலும் குறைவு. இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை.

1963இல் துறைமுகம் தனி ஆணையத்தின் பொறுப்பாயிற்று. 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. அடுத்த ஆண்டே கொள்கலன் முனையம் வந்தது. பத்துப் பேர் தோளில் சுமந்த மூட்டைகள் ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடங்கின. ஒரு பாரந்தூக்கி அதை எடுத்து வைத்தது. கைமாற்றம் குறைந்தது. அதோடு கைகளுக்கு இருந்த வேலையும் குறைந்தது. துறைமுகம் 2023இல் கையாண்டது இருபதடி அளவில் ஒரு கோடியே 40 இலட்சம் கொள்கலன்கள். அவற்றில் உள்நாட்டுக்குள் வருபவற்றில் பெரும்பாலானவை லாரிகளிலேயே பயணம் செய்கின்றன. தோளுக்கிருந்த வேலை போனபின், ஓட்டுநர் இருக்கையிலும் கிடங்கிலும் சுங்க முகவர் அலுவலகத்திலும் நம் பிள்ளைகளுக்கு இடமுண்டு. எந்த இடம் என்பதைக் கணக்கும் மொழியும் முடிவு செய்கின்றன. பெற்றோர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

விடையை முடிக்க, அவ்வகுப்பைக் கேஎல் சென்ட்ரலுக்கு அழைத்துச் சென்றேன். 2001இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தில் பயணிகள் விரைந்துகொண்டிருந்தனர். "பெட்டிகளைப் பிரித்துக் கோத்த இடம் எங்கே, ஐயா?" என்றான் அதே மாணவன். அவன் நின்றுகொண்டிருந்த தரையைக் காட்டினேன்.