போர்க்குலம் என்னும் அளவுகோல்

நம் அன்னவாசல் பழைய போர்க்களம் என்பதை அன்பர் பலர் அறியார். தஞ்சை நாட்டுச் செந்தலையிலுள்ள கல்தூண்களில், எட்டாம் நூற்றாண்டினனாகிய பெரும்பிடுகு முத்தரையன் வென்ற களங்களின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கொடும்பாளூர், மணலூர் முதலியவற்றோடு அண்ணல்வாயில் என்பதும் அங்குக் காணப்படுகின்றது. அஃது இவ்வூரே என்பது புதுக்கோட்டை நாட்டு வரலாறு ஆராய்ந்தோர் கருத்து.

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் அன்பர் ஒருவர் இச்செய்தியை எடுத்துக் கூறி, "நாம் போர்க்குலத்தார், ஆங்கிலேயரே போர்க்குலம் இவை இவையெனப் பிரித்து நூல் எழுதியிருக்கின்றனர்" என்று முழங்கினார். இளைஞர் கைதட்டி மகிழ்ந்தனர். யாம் அன்று வாளா இருந்தோம். விழா மேடையில் மறுத்துரைத்தல் முறையன்றெனக் கருதியது ஒன்று. மூத்தார் மனம் நோகுமோ என்னும் அச்சம் மற்றொன்று. எனினும் அச்சொல் அன்று முதல் எம் நெஞ்சை உறுத்தி வருகின்றது. ஆங்கிலேயர் வகுத்த அந்த அளவுகோல் தமிழருக்குச் செய்தது யாது என்பதை இவ்விதழ் வாயிலாகவேனும் உரைத்தல் எம் கடனென்று துணிந்தோம்.

கும்பினியாரின் படை முதன்முதல் உருப்பெற்றது நம் தென்னாட்டிலேயாம். 1748-இல் வந்த ஸ்டிரிங்கர் லாரன்சு என்னும் தளபதி சிப்பாய்களைப் பயிற்றினார். 1758-இல் அவர்கள் பட்டாளங்களாக வகுக்கப்பட்டனர். 1751-இல் ஆற்காட்டுக் கோட்டை முற்றுகையில் உணவு குறைந்தபொழுது, சிப்பாய்கள் சோற்றை வெள்ளையர்க்கு விட்டுக் கஞ்சியைத் தாம் பருகினர் என்று ஒரு கதை உண்டு. மெக்காலே எழுதியதால் அது பெரிதும் பரவிற்று. உண்மையோ புனைவோ, அறியோம். அக்காலத்தில் நடந்த திருச்சிராப்பள்ளி முற்றுகையில் நம் புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆங்கிலேயர்க்கு உணவுப் பொருள் அனுப்பி உதவியது மட்டும் உறுதி. பின்னர் 1799-இல் சீரங்கப்பட்டணத்திலும், 1803-இல் அசாயேயிலும், அதன்பின் பர்மாவிலும் சீனத்திலும் சென்னைச் சிப்பாய் பொருதான். அசாயே வெற்றியின் நினைவாகிய யானைச் சின்னத்தை மதராஸ் ரெஜிமெண்டார் இன்றும் அணிகின்றனர். அப்படையில் தமிழரும் தெலுங்கரும் முகம்மதியரும் கிறித்தவரும் ஒருங்கே பணி செய்தனர். பறையர் முதலாகிய ஒதுக்கப்பட்ட குலத்தார்க்கும் ஆங்கு இடமிருந்தது.

இடமிருந்ததேயன்றி மதிப்பிருந்ததென்று கூறல் ஒண்ணாது. எத்துணை ஆற்றல் உடையவனாயினும் இந்தியன் சுபேதார் பதவிக்கு அப்பால் ஏறுதல் இயலாது. முப்பது ஆண்டு பணிபுரிந்து நரைத்த சுபேதார், மீசை அரும்பாத வெள்ளை இளைஞனுக்குச் சலாம் வைத்தல் வேண்டும். 1805-ஆம் ஆண்டின் இறுதியில் தளபதி கிரடாக்கு, சிப்பாய்கள் நெற்றிக்குறியும் காதணியும் களைதல் வேண்டும். தாடியை மழித்தல் வேண்டும். தோற்குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையை அணிதல் வேண்டும் என ஆணை பிறப்பித்தார். அத்தலைப்பாகை வெள்ளையர் தொப்பியை ஒத்திருந்தது. மறுத்தோர்க்குக் கசையடி விதிக்கப்பட்டது. 1806 ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டையில் நிகழ்ந்ததை நாம் அறிவோம். ஆற்காட்டிலிருந்து வந்த கில்லஸ்பியின் குதிரைப்படை அன்றே அதனை அடக்கிற்று. அக்கோட்டையில் இந்துவும் முகம்மதியனும் ஒரே அவமதிப்பைக் கண்டு ஒருங்கெழுந்தனர் என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. பின்னர் ஆணை திரும்பப் பெறப்பட்டது. கவர்னர் பெண்டிங்கும் கிரடாக்கும் திரும்பி அழைக்கப்பட்டனர். கலகத்திற் கலந்த பட்டாளங்களும் கலைக்கப்பட்டன.

இனி அளவுகோலுக்கு வருவோம். 1881 முதல் 1885 வரை சென்னைச் சேனாதிபதியாயிருந்து, பின் இந்தியா முழுமைக்கும் தலைமை பெற்றவர் இராபர்ட்ஸ் பிரபு. வடமேற்கு எல்லையில் ருஷ்யரை எதிர்க்கச் சென்னைச் சிப்பாய் தகுதியற்றவன், நெடுங்கால அமைதியில் தென்னாட்டார் வீரம் மழுங்கிற்று என்பது அவர் கொள்கை. 1897-இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றிலும் அதனையே எழுதினார். அந்நெடுங்கால அமைதி யாரால் வந்தது? தென்னாட்டை அடக்கியதே அச்சிப்பாய்தானே! தன் வேலையை நன்கு முடித்தவனை, இனி வேலை இல்லாமையால் சோம்பேறி என்று தள்ளியது போல்வது இது.

இக்கொள்கை இராபர்ட்ஸோடு ஒழியவில்லை. உடற்கட்டு, பிறந்த நிலத்தின் தட்பவெப்பம், குருதி என்பவற்றைக் கொண்டு சில இனத்தாரே போருக்குரியர் என்று நூல்கள் எழுதப்பட்டன; மக்மன் என்பார் 1933-இல் அப்பெயராலேயே ஒரு நூல் வெளியிட்டார். நம் அன்பர் மேடையில் முழங்கிய சொல்லின் பிறப்பிடம் இதுவே. சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. எஞ்சிய சென்னை ரெஜிமெண்டும் 1928-க்குள் கலைந்தது. 1933-இல் பயனியர் படையும் மறைந்தது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சாப்பர்ஸ் படை ஒன்றே நிலைத்தது. பாலம் கட்டவும் அகழி தோண்டவும் வெடி வைக்கவும் வல்ல அவர்களை வெள்ளை அதிகாரிகள் "தம்பி" என்றே அழைத்தனர். பிற மாகாணங்களிலும் இவ்வாறே நேர்ந்தது. பம்பாய் மாகாணத்து மகர் குலத்தாரைச் சேர்ப்பது 1890-களில் நிறுத்தப்பட்டது. சுபேதாராயிருந்த ஒருவரின் மைந்தரே அம்பேத்கர்.

அதிகாரப் பதவியின் கதவு இந்தியர்க்கு 1918-இல்தான் சிறிது திறந்தது. சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஆண்டுக்குப் பத்து இடம். அங்ஙனம் தேறியோர் வெள்ளையர்க்குக் கட்டளையிடும் நிலை வந்துவிடுமோ என்றஞ்சி, 1923-இல் எட்டுப் படைப்பிரிவுகளை மட்டும் இந்திய அதிகாரிகளுக்கென ஒதுக்கினர். டேராடூன் கல்லூரி 1932-இல் தோன்றியது. அதிகாரிகள் கூடும் கிளப்புகள் பலவற்றில் இந்தியர்க்கு அப்பொழுதும் இடமில்லை.

இரண்டாம் உலகப்போர் வந்தது. ஆள் வேண்டியபொழுது குருதியாராய்ச்சி எங்கே போயிற்றோ! 1941-இல் மகர் ரெஜிமெண்டும் 1942-இல் மதராஸ் ரெஜிமெண்டும் எழுந்தன. சென்னைப் படையினர் பர்மாவில் பொருதனர். மலேயாவிலோ, ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள் 1943-இல் நேதாஜியின் ஜான்சிராணிப் படையிற் சேர்ந்தனர். லட்சுமி சுவாமிநாதன் அதனை நடத்தினார். அந்தத் தேசியப் படையில் சாதியும் மதமும் பாராது ஒரே சமையலில் உண்டனர். ஆண்களிலேயே வீரமில்லை எனப்பட்ட நாட்டின் பெண்கள் அவர்கள்! 1946 பிப்ரவரி 18-இல் பம்பாயில் தல்வார் என்னும் கடற்படைப் பயிற்சி நிலையத்தில் மாலுமிகள் உணவை மறுத்து வேலைநிறுத்தம் தொடங்கினர். உணவின் இழிவோடு, அதிகாரி கிங் என்பாரின் வசைமொழியும் காரணம். வெள்ளை மாலுமிக்கு நிகரான சம்பளமும் அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று.

விடுதலைக்குப்பின் 1949 ஜனவரி 15-இல் கரியப்பா முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார். எல்லாக் குலத்தாரும் எல்லா நாட்டாரும் கலந்த காவலர் படைப்பிரிவை அவரே அவ்வாண்டு தோற்றுவித்தார். எனினும் குலப்பெயரும் நாட்டுப்பெயரும் தாங்கிய பழைய ரெஜிமெண்டுகள் பல இன்றும் உள்ளன. அவற்றை மாற்றுவது எளிதன்று என்பர். எம் மட்டில், மாற்ற வேண்டுமென்பதே கருத்து.

நம் அன்பர்க்கு யாம் சொல்ல விரும்புவது இவ்வளவே. போர்க்குலம் என்று ஒரு பட்டியலிட்டால், அதற்குப் புறம்பான குலங்களும் உடன் தோன்றும். அப்பட்டியலை இட்டவர் கையில் தமிழர் அனைவருமே புறம்பாயினர். நம் குலத்தாரும் அதில் தப்பவில்லை. இன்று நாம் அதே கோலை எடுத்து அண்டை வீட்டானை அளந்தால், நமக்குக் கிடைப்பது இராபர்ட்ஸின் நாற்காலி.

பால்வண்ணச் சுண்ணமடித்த நம் சங்கக் கட்டடச் சுவரில் பெரியோர் படங்கள் வரிசையாக உள்ளன. அவற்றோடு ஒருவர் படத்தையும் வைக்குமாறு செயற்குழுவுக்கு எழுதியுள்ளோம். சென்னைச் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம் அவர். 1944-இல் இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி அகற்றும் வேளையில், வெடியொன்று பற்றிக்கொண்டதைக் கண்டு, உடன் வந்தோரைக் காக்க அதன்மேல் தம் உடலைக் கிடத்தி மாண்டார். அவர்க்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. விண்ணப்பத்தைப் பார்த்த செயற்குழு அன்பர் ஒருவர், "அவர் என்ன குலம்?" என்று வினவினார். யாம் விடை எழுதவில்லை.