டோராவின் பெயர் இடா

1900 டிசம்பர் 31. வியன்னா நகரில் பெர்க்காசே தெரு 19ஆம் எண் வீடு. பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி தன் மருத்துவரிடம், இன்றோடு சிகிச்சைக்கு வருவதை நிறுத்திக்கொள்கிறேன் என்கிறாள். சிகிச்சை தொடங்கி ஏறத்தாழப் பதினோரு வாரங்கள்தாம் ஆகியிருந்தன. எப்போது இந்த முடிவை எடுத்தாய் என்று மருத்துவர் கேட்கிறார். இரண்டு வாரங்களுக்கு முன்பு என்கிறாள். வீட்டு வேலை செய்யும் பெண்கள் வேலையை விட்டு நிற்கும்போது கொடுக்கும் முன்னறிவிப்பைப் போல இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றுகிறது.

அந்த மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டு. அந்தப் பெண் இடா பாவர். ஆனால் இலக்கிய வரலாறு அவளை டோரா என்றே அறியும். 1905இல் ஃபிராய்டு வெளியிட்ட, ‘ஹிஸ்டீரியா நோயாளி ஒருவரின் பகுப்பாய்விலிருந்து ஒரு துண்டு’ என்று பொருள்படும் நீண்ட கட்டுரையில் அவர் அவளுக்கு இட்ட பெயர் அது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் அவரே வேறொரு நூலில் விளக்கியிருக்கிறார். அவருடைய சகோதரியின் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் சொந்தப் பெயர் ரோசா. வீட்டு எஜமானியின் பெயரும் ரோசா என்பதால், வேலைக்கு வந்தவள் தன் பெயரை விட்டுக்கொடுத்து டோரா ஆனாள். சொந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடியாத ஒருத்தியின் நினைவிலிருந்து இன்னொருத்திக்குப் பெயர் பிறந்தது.

நடந்தது என்ன? இடாவின் தந்தை வசதியான ஆலை முதலாளி. அவருக்கும் குடும்ப நண்பரின் மனைவிக்கும் உறவு இருந்தது. அந்த நண்பரைக் கட்டுரை ‘திரு. க.’ என்று அழைக்கிறது. அவர் இடாவைத் தன் கடையில் தனியாக வரவழைத்து இழுத்து முத்தமிட்டபோது, ஃபிராய்டின் கணக்குப்படி அவளுக்கு வயது 14. பின்னர் ஏரிக்கரையில் மீண்டும் அவளிடம் தன் விருப்பத்தைச் சொன்னார். அவள் கன்னத்தில் அறைந்துவிட்டு நடந்தாள். வீட்டில் சொன்னாள். திரு. க. மறுத்தார், காதலைப் பற்றிய புத்தகங்களைப் படித்து இவள் கற்பனை செய்கிறாள் என்றார். தந்தை மகளை நம்பவில்லை, நண்பரை நம்பினார். அவளுக்குப் புத்தி சொல்லுங்கள் என்று ஃபிராய்டிடம் கொண்டுவந்து விட்டார். தன் உறவு தடையின்றித் தொடர்வதற்கு விலையாகத் தந்தை தன்னை அவரிடம் கொடுக்கிறார் என்பது இடாவுக்குத் தெரிந்திருந்தது.

ஃபிராய்டு அவளை நம்பினார் என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். ஏரிக்கரைச் சம்பவம் கற்பனை அல்ல என்று அவர் எழுதுகிறார். அன்றைய வியன்னாவில் ஓர் இளம்பெண்ணின் சொல்லை இந்த அளவுக்குக் காதுகொடுத்துக் கேட்ட ஆண்கள் குறைவு. ஆனால் அடுத்த அடியிலேயே அவர் வழுக்குகிறார். அந்த முத்தத்தில் அவளுக்கு இன்பம் தோன்றியிருக்க வேண்டும், அருவருப்பு தோன்றியதே நோயின் அறிகுறி என்று முடிவுகட்டுகிறார். அவள் இல்லை என்று சொன்னால், அடக்கப்பட்ட ஆசையின் மறைமுகமான ஆம் அது என்று வாசிக்கிறார். அவள் கண்ட இரண்டு கனவுகளையும் இதே திசையில் நகர்த்துகிறார். சம்பவம் உண்மை, ஆனால் அதன் பொருளைச் சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை.

1902 ஏப்ரலில் இடா ஒருமுறை திரும்பி வந்தாள். அதற்குள் அந்தத் தம்பதியை நேரில் சந்தித்துப் பேசியிருந்தாள். மனைவி தன் உறவை மறுக்கவில்லை. கணவர் ஏரிக்கரையில் நடந்ததை ஒப்புக்கொண்டார். அவள் சொன்னது அத்தனையும் உறுதியாயிற்று.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இது மருத்துவர்களின் ஆவணமாகவே இருந்தது. அதை இலக்கியப் பிரதியாக்கியது 1970கள். 1974இல் ஸ்டீவன் மார்கஸ் என்ற அமெரிக்க விமர்சகர், டோரா கட்டுரையை நவீன நாவலைப் போல வாசித்தார். காலம் முன்னும் பின்னும் போகிறது, முக்கியமான செய்திகள் அடிக்குறிப்புகளில் ஒளிந்திருக்கின்றன, கதைசொல்லியை முழுதாக நம்ப முடியவில்லை என்று காட்டினார். ஹிஸ்டீரியா நோயாளிகளால் தம் கதையைக் கோவையாகச் சொல்ல முடியாது என்றவர் ஃபிராய்டு. அவர் எழுதிய கதையோ தலைப்பிலேயே தன்னை ‘துண்டு’ என்று ஒப்புக்கொள்கிறது.

பெண்ணியர்கள் செய்தது இன்னும் கூர்மையானது. இடைவெளிகளைக் கவனி, மறுப்பைச் சந்தேகி, அடிக்குறிப்பைப் படி என்று நனவிலியை வாசிக்கக் கற்றுத்தந்தவர் ஃபிராய்டே. அந்த முறையை அவர்கள் அவர்மீதே திருப்பினார்கள். இடாவுக்குத் திரு. க.வின் மனைவிமீது இருந்த ஆழ்ந்த அன்பைத் தான் உரிய நேரத்தில் காணத் தவறிவிட்டதாக ஃபிராய்டு ஓர் அடிக்குறிப்பில் சொல்கிறார். ஒரு பெண் இன்னொரு பெண்ணை நேசிக்கலாம் என்ற செய்தி, பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில். ஏன் அங்கே? இந்தக் கேள்வியிலிருந்து ஒரு முழு விமர்சன மரபு கிளைத்தது. 1976இல் எலென் சீக்ஸு ‘டோராவின் உருவப்படம்’ நாடகத்தைப் பாரிஸ் மேடைக்குக் கொண்டுவந்தார். ஜாக்குலின் ரோஸ், டோரில் மோய், ஜேன் காலப் எழுதினார்கள். 1985இல் டோராவைப் பற்றிய கட்டுரைகள் தனித் தொகுப்பாகவே வந்தன.

இவர்கள் ஒரே குரலில் பேசவில்லை. சீக்ஸுவுக்கு டோரா குடும்ப அமைப்பை உலுக்கிய கலகக்காரி. அவரோடு சேர்ந்து 1975இல் நூல் எழுதிய கேத்தரின் கிளெமான் ஒப்பவில்லை: உடல்நோயாக வெளிப்படும் எதிர்ப்பு குடும்பத்தை ஆட்டுமே தவிர உலகை மாற்றாது என்றார். இருமலும் குரலடைப்பும் அவளுடைய மொழி என்று நாம் மகிழ்வது எளிது. அந்த இருமலை இருமியது அவள் தொண்டை. இந்த விவாதத்தில் என் மனம் கிளெமான் பக்கமே சாய்கிறது.

ஃபிராய்டைத் தள்ளிவிடுவதா, எடுத்துக்கொள்வதா என்ற சண்டையும் அதே ஆண்டுகளில்தான் நடந்தது. கேட் மில்லட் 1970இல் ‘பாலியல் அரசியல்’ நூலில் அவரைப் பெண்விடுதலைக்கு எதிரான சக்தியாகக் கண்டார். 1974இல் ஜூலியட் மிட்செல், உளப்பகுப்பாய்வு ஆணாதிக்கத்துக்கான பரிந்துரை அல்ல, ஆணாதிக்கம் மனத்துக்குள் எப்படிக் குடியேறுகிறது என்பதற்கான விளக்கம் என்று வாதிட்டார். மறு ஆண்டு லாரா மல்வி அதே கருவிகளோடு திரையரங்குக்குள் நுழைந்து, ஹாலிவுட் கேமரா பெண்ணைப் பார்க்கப்படும் பொருளாக்கும் விதத்தை விளக்கினார். 1979இல் கில்பர்ட், கூபர் இருவரும் ‘ஜேன் அயர்’ நாவலின் மாடியறையில் அடைபட்ட பெர்த்தாவை, ஜேனின் அடக்கப்பட்ட கோபமாக வாசித்தார்கள்.

அந்த வாசிப்புக்கும் ஒரு குருட்டுப் பகுதி இருந்தது. பெர்த்தா மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவள். அவளை ஓர் ஆங்கிலேயப் பெண்ணின் மனத்தின் ஒரு பகுதியாக மட்டும் சுருக்கினால் பேரரசு காணாமல் போகிறது என்று 1985இல் காயத்ரி சக்கரவர்த்தி ஸ்பிவாக் எழுதினார். டோராவின் கதையிலும் இப்படி ஒருத்தி உண்டு. திரு. க. வீட்டில் வேலை பார்த்த குழந்தைகளின் ஆசிரியை. அவளிடமும் அவர் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் நெருங்கினார், பிறகு கைவிட்டார். இடாவுக்கு இது தெரியும். ஏரிக்கரையில் அவள் கை ஓங்கியபோது, தன்னையும் அந்தப் பணிப்பெண்ணாக நினைத்துவிட்டாரே என்ற சினமும் அதில் இருந்தது என்பது ஃபிராய்டின் வாசிப்பு. அது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அந்த ஆசிரியைக்கு எந்த மருத்துவரும் இல்லை, எந்தக் கட்டுரையும் இல்லை, புனைபெயர்கூட இல்லை.

‘பேச்சு வைத்தியம்’ என்ற சொல்லை உருவாக்கியவரும் ஒரு நோயாளியே. 1895இல் வந்த ‘ஹிஸ்டீரியா ஆய்வுகள்’ நூலில் ‘அன்னா ஓ.’ எனப்படும் பெர்த்தா பாப்பன்ஹைம். அவர் பின்னாளில் மேரி உல்ஸ்டன்கிராஃப்டின் பெண்ணுரிமை நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்தார், 1904இல் யூதப் பெண்கள் கூட்டமைப்பை நிறுவினார், பெண்களை விற்பதற்கு எதிராகப் போராடினார். இடாவின் வாழ்க்கை அப்படி அமையவில்லை. நாஜிகளிடமிருந்து தப்பி, 1945இல் நியூயார்க்கில் இறந்தார். இறந்த பிறகும் மருத்துவ இதழொன்று அவரைத் தொல்லை தரும் நோயாளியாகவே நினைவுகூர்ந்தது.

இடாவின் அம்மாவை ஃபிராய்டு சந்தித்ததே இல்லை. மகளும் கணவரும் சொன்னதை வைத்து, வீட்டைத் துடைத்துக்கொண்டே இருக்கும் ‘இல்லத்தரசி நோய்’ பிடித்தவர் என்று சில வரிகளில் முடித்துவிடுகிறார். கணவரின் பால்வினை நோயும் அவருடைய இன்னொரு உறவும் நிறைந்த அந்த வீட்டில், அவர் எதைத் துடைத்துக்கொண்டிருந்தார்? மாணவிகள் இந்தக் கட்டுரையை வாசிக்கும்போது, அந்தச் சில வரிகளிலிருந்து தொடங்குங்கள்.