‘அனோயன்ஸ்’: எரிச்சலா, தொல்லையா?

நுகேகொடையூடாகச் செல்லும் 138 ஆம் இலக்க பஸ்ஸில் நாளுக்கு நாலு தடவையாவது காதில் விழும் சொல் ‘அனோயிங்’. வீதி நெரிசல், தொலைபேசி அழைப்பு, பக்கத்து இருக்கைக்காரர் என எல்லாமே ‘அனோயிங்’ தான். ஆனால் இதே சொல்லின் பெயர்ச்சொல் வடிவமான ‘அனோயன்ஸ்’, நினைவேந்தலுக்குத் தடைகோரிப் பொலிஸார் நாடும் சட்டப்பிரிவிலும் இருக்கிறது. ஆகவே அதன் பொருளைத் தெரிந்துவைத்திருப்பது நமக்குத் தேவையானது.

‘வெறுப்புக்குரியது’ எனப் பொருள்படும் லத்தீன் தொடரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. இன்று அதன் கடுமை குறைந்துவிட்டது. கோபத்தை விடச் சிறியது, ஆனால் பொறுமையைத் தின்பது. ‘அனோய்ட்’ என்றால் எரிச்சலடைந்தவர். ‘அனோயிங்’ என்றால் எரிச்சலூட்டுபவர். “ஐ ஆம் அனோயிங்” என்று சொன்னால், மற்றவர்களுக்கு நானே கரைச்சல் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

தமிழில் நாம் இதை இரண்டாகப் பிரித்துப் பேசுகிறோம். வெளியிலிருந்து வருவது தொல்லை, தொந்தரவு, கரைச்சல், ஆக்கினை. உள்ளே எழுவது எரிச்சல், சினம். ‘அனோயன்ஸ்’ இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. சட்டத்துக்குள் வரும்போது சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். ஒருவர் உண்மையிலேயே தொல்லை கொடுத்தாரா, அல்லது மற்றவருக்கு எரிச்சல் வந்ததா?

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106 ஆம் பிரிவு, அவசர நிலைமைகளில் ஒரு செயலைத் தவிர்க்குமாறு எழுத்தில் கட்டளையிட நீதிவானுக்கு அதிகாரம் அளிக்கிறது. உயிராபத்து, கலகம் ஆகியவற்றோடு, சட்டபூர்வமாகத் தம் வேலையில் ஈடுபட்டிருப்போருக்கு ஏற்படக்கூடிய இடையூறு, ‘அனோயன்ஸ்’, தீங்கு ஆகியவையும் அதற்குப் போதிய காரணங்கள். அவசரமெனில் மறுதரப்பைக் கேட்காமலேயே கட்டளை பிறப்பிக்கலாம். மாவீரர் நாள், திலீபன் நினைவேந்தல், முள்ளிவாய்க்கால் நினைவுநாள் ஆகியவற்றுக்கு எதிராகவும், 2022 இல் கொழும்புப் போராட்டங்களுக்கு எதிராகவும் பொலிஸார் இப்பிரிவின் கீழ் நீதிமன்றம் சென்றனர். சில நீதிவான்கள் தடை விதித்தனர், சிலர் மறுத்தனர். 2024 மே மாதம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கியமைக்காக நால்வர் கைதானபோதும் நீதிமன்றத் தடையுத்தரவொன்றே காட்டப்பட்டது.

இந்தச் சொல் எப்போதும் நமக்கு எதிரானதல்ல. 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு, சொல்லாலோ செயலாலோ பாலியல் ‘அனோயன்ஸ்’ ஏற்படுத்துவதை ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. பஸ்ஸில் சீண்டப்படும் பெண்ணுக்கு இது கவசம். அங்கே யாருக்கு, எவ்வகையில் தொல்லை என்பது தெளிவாக இருக்கிறது.

தெளிவில்லாதபோது என்ன நடக்கும் என்பதை இந்திய உச்சநீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று கூறியது. முகநூல் பதிவுக்காக இரு இளம்பெண்கள் கைதானதைத் தொடர்ந்து எழுந்த ஷ்ரேயா சிங்கால் வழக்கில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு ரத்தாகியது. ஒருவருக்கு எரிச்சலூட்டுவது இன்னொருவருக்கு அப்படி இராது. இத்தகைய தெளிவற்ற சொல்லை வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

உங்கள் கையில் 106 ஆம் பிரிவுக் கட்டளை தரப்பட்டால் நான்கு விடயங்களைப் பாருங்கள்: யாருக்கு, எந்தச் செயலுக்கு, எந்த இடத்தில், எதுவரை. பொதுவாக அது 14 நாட்களுக்கு மேல் செல்லுபடியாகாது. அதை மாற்றவோ நீக்கவோ அதே நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சட்டத்தரணி மூலம் கோரலாம். கட்டளை நடைமுறையில் இருக்கும்போது மீறுவது தனிக் குற்றமாகலாம் என்பதையும் மறக்க வேண்டாம். வழக்குச் சிங்களத்தில் நடந்தால், தமிழில் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெற அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது.

நீதிமன்றத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுண்டு. இறந்த பிள்ளைக்கு ஒரு தாய் விளக்கேற்றினால், அதனால் யாருடைய வேலைக்கு, என்ன தொல்லை? அதற்குப் பதில் இல்லையென்றால், மிஞ்சுவது யாரோ ஒருவரின் எரிச்சல் மட்டுமே.