இயங்கு எழுத்துருக்களின் எழுச்சியும் மறைவும்

முன்னுரை

ஓலைச்சுவடியைச் செல் அரித்தால் எழுத்து அழிகிறது. இணையப் பக்கத்திலோ எழுத்துக் குறிகள் சிதையாமல் இருக்கும்போதே வாசிப்பு அற்றுப்போவதுண்டு. உலாவிகள் பழைய நுட்பங்களைக் கைவிட்டதால் தமிழ் இணையத்தின் தொடக்ககாலப் பக்கங்களுக்கு நேர்ந்த இந்நிலையை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறியீட்டுச் சூழல்

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும், விண்டோஸ் இயங்குதளம் தமிழ் ஒருங்குறியை ஏற்றது விண்டோஸ் 2000 பதிப்பில்தான். அதுவரை, ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய 8 பிட் இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்களே வழங்கின. அவற்றின் இடவமைப்பு எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் எனும் தரங்கள் உருவாயின. டிஸ்கியும் உடன் வழங்கியது.

இயங்கு எழுத்துருவின் வருகை

தளத்திற்குரிய எழுத்துருவை வாசகரே நிறுவ வேண்டியிருந்த இடர்ப்பாட்டை இயங்கு எழுத்துரு நீக்கியது. பக்கத்துடன் எழுத்துருவும் தானே இறங்கியது. 1997இல் நெட்ஸ்கேப் 4, பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் ட்ரூடாக் நுட்பத்தை ஏற்றது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4, மைக்ரோசாப்டின் இ.ஓ.டி. வடிவத்தை ஏற்றது. எக்ஸ்ப்ளோரரில் ட்ரூடாக் எழுத்துரு இயங்க ஆக்டிவ்எக்ஸ் செருகுநிரல் தேவைப்பட்டது. ஆகவே வாசிப்பு, நிறுவனங்களின் தனியுடைமை நுட்பத்தைச் சார்ந்து நின்றது.

ஆதரவின் விலகல்

2000இல் வந்த நெட்ஸ்கேப் 6 புதிய மொசில்லா பொறியின்மீது அமைந்தது. ட்ரூடாக் அதில் இடம்பெறவில்லை. 2008இல் வெளியான குரோம் இ.ஓ.டி. வடிவத்தை ஏற்கவில்லை. 2015இல் வந்த எட்ஜ் உலாவி ஆக்டிவ்எக்ஸ், இ.ஓ.டி. இரண்டையும் கைவிட்டது. விண்டோஸ் 10இல் எக்ஸ்ப்ளோரர் 11க்கான ஆதரவு 2022 ஜூனில் முடிவுற்றது. இதற்கிடையில் வோஃப் எழுத்துரு வடிவம் 2012இல் பொதுத்தரமாயிற்று. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்16 குறியீட்டையும் ஏற்றது. புதிய பக்கங்கள் பாதுகாப்புப் பெற்றன. பழையவை அவ்வாறு பெறவில்லை.

விளைவுகள்

எழுத்துரு இன்றி அப்பக்கங்கள் பொருளற்ற ஐரோப்பியக் குறிகளாகவே தோன்றுகின்றன. தேடுபொறியில் தமிழ்ச் சொல்லை இட்டால் அவை அகப்படுவதில்லை. இ.ஓ.டி. கோப்பைக் குறிப்பிட்ட இணைய முகவரிக்கு மட்டும் உரியதாகப் பூட்டிவைக்க இயலும். அவ்வாறு பூட்டப்பட்டது, காப்பகத்தில் முகவரி மாறியதும் பயனற்றதாகிறது. உரையை மாற்றுவதும் எளிதன்று. ‘கொ’ என்பது பழைய முறையில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்ற கண்வரிசையில் பதிவாயிற்று. ஒருங்குறியிலோ மெய்வடிவத்தின் பின்னரே உயிர்க்குறி வரும். எனவே இடவமைப்பு அட்டவணையும் வரிசைமாற்ற விதியும் ஒருசேர வேண்டும்.

முடிவுரை

இடவமைப்பை அறிவிக்கும் சான்று பெரும்பாலும் எழுத்துருக் கோப்பிலேயே அடங்கியுள்ளது. பக்கத்தை மட்டும் சேமித்து எழுத்துருவை விட்டுவிடுவது, சுவடியைக் காத்து அதன் எழுத்தறிவை இழப்பதற்கு ஒப்பாகும். கோப்புகளையும் இடவமைப்பு அட்டவணைகளையும் தொகுத்துவைப்பது இணையத் தமிழ் வரலாற்றாய்வின் முதற்பணியாகிறது.