வாளியிலிருந்து ஓசோன் வரை

சிங்கப்பூர்த் தேக்காச் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்குக் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை தெரிந்த பெயர். மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள். 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. அன்று அது உலகச் சாதனை. அத்தனை பிரசவங்களையும் கழுவிய தண்ணீர் எங்கே போயிற்று?

அந்நகரில் ஒரு காலத்தில் மலத்தை வாளிகளில் ஆட்களே சுமந்தார்கள். 1907இல் பேராசிரியர் சிம்சன் நகரின் சுகாதாரக் கேட்டை அறிக்கையாக எழுதினார். 1910க்குப் பிறகு பாதாளச் சாக்கடை வந்தது. ஆனால் கடைசி வாளி ஒழிந்தது 1987 ஜனவரியில்தான். எங்கள் தோட்டத்துப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால், "சிங்கப்பூரிலுமா?" என்கிறார்கள்.

சாக்கடை கழிவை நகர்த்துமே தவிரத் தூய்மையாக்காது. அந்த வேலையைச் செய்பவை நுண்ணுயிர்கள். கழிவுநீரில் காற்றை ஊதி, அடியில் படியும் சேற்றைக் கொட்டிவிடாமல் மீண்டும் சேர்த்தால், அவை பெருகி அழுக்கைத் தின்றுவிடும். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் இருவரும் கண்டு சொன்ன முறை இது.

மருத்துவமனை நீரில்தான் சிக்கல். நுண்ணுயிரைக் கொல்லவென்றே செய்த மருந்து, நோயாளியின் சிறுநீர் வழியே அந்த நீரில் கலக்கிறது. சாகாமல் தப்பியவை மருந்துக்கு அடங்காதவையாகின்றன. சிங்கப்பூர் மருத்துவமனைக் கழிவுநீரில் அத்தகைய பாக்டீரியா இருப்பதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று.

இங்கே வேதியியல் துணைக்கு வருகிறது. 1894இலேயே ஃபென்டன் என்பவர், இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் டார்டாரிக் அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைவதைக் கண்டார். அப்போது பிறக்கும் ஹைட்ராக்சில் எதிர்ப்பட்ட எதையும் தாக்கும். ஓசோனும் மருந்து மூலக்கூறுகளை உடைக்கும். ஆனால் விலை அதிகம். சோப்பையும் மலத்தையும் உடைப்பதிலேயே அதைச் செலவிட்டால் வீண். ஆகவே முதலில் நுண்ணுயிர் தின்னட்டும், மிஞ்சிய மருந்தை ஓசோன் பார்த்துக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. நஞ்சு மிகுந்த நீரானால் வரிசையை மாற்றுவதும் உண்டு. அரைகுறையாக உடைந்த துண்டுகள் சில வேளை மூலப்பொருளைவிடக் கெட்டவை. அதனால் கடைசியில் கரி வடிகட்டியும் வைப்பார்கள். டென்மார்க்கின் ஹெர்லெவ் மருத்துவமனையில் 2014இல் இப்படியொரு நிலையம் இயங்கத் தொடங்கியது.

சிங்கப்பூரில் மருத்துவமனை நீரும் பொதுச் சாக்கடை வழியே பெரிய நிலையங்களுக்குப் போகிறது. 2003 முதல் சுத்திகரித்த நீரின் ஒரு பகுதி நுண்சவ்வு, புற ஊதாக் கதிர் ஆகியவற்றைக் கடந்து "நியூவாட்டர்" ஆகிறது. அந்த நீர் தூயது. ஆனால் சவ்வு தடுத்த மருந்து அழிவதில்லை, ஒதுக்கிய அடர்நீரில் தங்கிவிடுகிறது. ஊர் நீரோடு கலந்து நீர்த்துப்போகும் முன், மருத்துவமனை வாசலிலேயே அதைப் பிடிப்பது எளிது என்பது என் எண்ணம். செலவை யார் ஏற்பது என்பதுதான் வாதம்.