நங்கூரமிட்ட தோணிகளும் நள்ளிரவுக் களவும்

காவல்துறையின் வரலாற்றைக் கூறும் பாடநூல்கள் பெரும்பாலும் 1829ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகின்றன. அவ்வாண்டில் சர் ராபர்ட் பீல் இலண்டன் மாநகரக் காவல் படையை நிறுவினார் என்று நாமும் மாணவர்க்குச் சொல்லிவருகிறோம். அது தவறன்று. ஆயினும் அதற்கு 31 ஆண்டுகளுக்கு முன்னரே, அந்நகரின் தேம்ஸ் நதிக்கரையில், சம்பளமும் கட்டுப்பாடும் உடைய காவல் படை ஒன்று தோன்றிவிட்டது. மக்களின் வீடுகளைக் காப்பதற்காக அது தோன்றவில்லை. நதியில் கட்டுண்டு நின்ற கப்பல்களையும் சரக்குத் தோணிகளையும் காப்பதற்காகத் தோன்றியது. அக்காவல் எவ்வாறு பிறந்தது, எவருக்காகப் பிறந்தது, அதனால் துன்புற்றவர் யாவர் என்பவற்றை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நதியில் தேங்கிய செல்வம்

கடலில் ஓடும் கப்பலுக்குப் புயலும் பாறையும் பகை. கரையருகே நிற்கும் கப்பலுக்கோ மனிதனே பகை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன், உலகின் மிகப் பெரிய துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது. ஆனால், தீர்வை செலுத்த வேண்டிய சரக்குகளை இறக்குவதற்கு முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் வரையறுக்கப்பட்ட துறைகளே அப்போதும் முதன்மையாக இருந்தன. இலண்டன் பாலத்திற்கும் கோட்டைக்கும் இடையே வடகரையில் அமைந்த அத்துறைகளின் மொத்த நீளம் 1,500 அடிக்கும் குறைவே. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சர்க்கரையும் ரம் மதுவும் காப்பியும் ஏற்றிவந்த கப்பல்கள் நடுநதியில் வரிசை வரிசையாக நங்கூரமிட்டு வாரக் கணக்கில் காத்துக் கிடந்தன. அவற்றின் சரக்கு சிறு தோணிகளுக்கு மாற்றப்பட்டது. கூரையும் பூட்டும் இல்லாத அத்தோணிகளும் தம் முறை வரும்வரை இரவு பகலாக நீரிலேயே நின்றன.

செல்வம் தேங்கிய இடத்தில் களவும் தேங்கியது. அக்களவின் வகைகளை விரித்துரைத்தவர் பேட்ரிக் கொல்கூன் என்ற நீதிபதி. ஸ்காட்லாந்தில் பிறந்து, வணிகராக வாழ்ந்து, பின்னர் இலண்டனில் நீதிபதியானவர் அவர். தேம்ஸ் நதியின் வணிகத்தையும் காவலையும் பற்றி 1800ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், களவர்களை இனம் இனமாகப் பிரித்துக் காட்டுகிறது. நதிக் கொள்ளையர் நள்ளிரவில் தோணியின் கயிற்றை அறுத்து, அது நீரோட்டத்தில் மிதந்து செல்லப் பின்தொடர்ந்து, ஒதுக்குப்புறத்தில் அதனைச் சூறையாடினர். வேறு சிலர் கப்பல் அதிகாரிக்குக் கையூட்டுக் கொடுத்து இரவில் ஏறிச் சர்க்கரைப் பீப்பாய்களைத் திறந்தனர். இருளில் தெரியாதிருக்கக் கருநிறம் பூசிய பைகளில் சர்க்கரையை அள்ளிச் சென்றனர். பகலில் சரக்கிறக்கும் கூலிகளுட் சிலர் உடைக்குள் மறைபைகள் தைத்துக்கொண்டனர். எலி பிடிப்போர் என்று சொல்லிக் கப்பலில் ஏறியவரும் உளர். நீர் வற்றிய வேளையில் சேற்றில் இறங்கிப் பழங்கயிறும் இரும்புத் துண்டும் தேடுவார் போல நடித்து, மேலிருந்து வீசப்படும் பைகளை ஏந்திக்கொண்டவரும் உளர்.

நதித் தொழிலில் ஈடுபட்ட 33,000 பேரில் 11,000 பேர் இத்தகையோர் என்றும், ஆண்டுதோறும் ஏற்படும் இழப்பு 5 இலட்சம் பவுன் என்றும் கொல்கூன் மதிப்பிட்டார். இவை எண்ணிக் கண்ட கணக்கல்ல. காவல் வேண்டும் என்று வாதாடிய ஒருவரின் மதிப்பீடு என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நீரின்மேல் எழுந்த தீ

களவைப் போலவே தீயும் நின்ற தோணியை விரும்பியது. கீல் பூசிய மரமும் கயிறும் பாயும் நெருப்புக்கு நல்லுணவு. 1794ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், இலண்டனின் கிழக்கே ராட்கிளிஃப் என்னும் கரையோரப் பகுதியில், தோணி கட்டும் பட்டறை ஒன்றில் அடுப்பிலிருந்த கீல் கொப்பரை பொங்கி வழிந்து தீப்பற்றியது. அருகே வெடியுப்பு ஏற்றிய தோணி ஒன்று நின்றிருந்தது. நதியில் நீர் வற்றியிருந்தமையால் தோணியை நகர்த்த இயலவில்லை. தீ அதனை எட்டியதும் தோணி வெடித்துச் சிதறியது. எரியும் துண்டுகள் கூரைகளின் மேல் வீழ்ந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் வெடியுப்புக் கிடங்கும் எரிந்தது. 400க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. வீடிழந்த ஏழைகளுக்கு வெட்டவெளியில் கூடாரங்கள் அடித்துக் கொடுக்கப்பட்டன. கம்பெனி அந்நாளில் வெடியுப்பைப் பெற்றது நம் முன்னோரின் இந்திய மண்ணிலிருந்து என்பது இங்கு எண்ணத்தக்கது.

காவல் பிறந்தது

ஜான் ஹாரியட் என்பவர் கடலோடியாகவும் உழவராகவும் வாழ்ந்து, எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் நீதிபதியாகவும் பணியாற்றியவர். நதிக் காவலுக்கு 1797ஆம் ஆண்டில் அவர் ஒரு திட்டம் வகுத்தார். கொல்கூன் அதற்கு அரசின் இசைவையும் மேற்கிந்திய வணிகரின் பணத்தையும் பெற்றுத் தந்தார். முதலாண்டுச் செலவுக்கு வணிகர் 4,200 பவுன் கொடுத்தனர். 1798ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் வாப்பிங் என்னுமிடத்தில் நதிக் காவல் நிலையம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 50 பேர் கொண்ட படை படகுகளில் இரவு பகலாகச் சுற்றிவந்தது. சரக்கிறக்கும் கூலிகளுக்குப் பெயர்ப் பதிவும் வரையறுத்த கூலியும் ஏற்பட்டன. அகன்ற காற்சட்டையும் மறைபையும் தடை செய்யப்பட்டன. வேலை முடிந்ததும் உடற்சோதனை நடந்தது. களவு குறைந்தது, வணிகர் மகிழ்ந்தனர்.

தொழிலாளர் மகிழவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள், மூவர் கரி திருடியதாகத் தண்டம் விதிக்கப்பெற்றனர். அன்று மாலை பெருங்கூட்டம் ஒன்று நிலையத்தைச் சூழ்ந்து, உள்ளிருந்தோருடன் அதனைக் கொளுத்த முற்பட்டது. காவலர் தரப்பில் கேப்ரியல் ஃபிராங்க்ஸ் என்பவர் சுடப்பட்டு, பின்னர் உயிர் துறந்தார். கலகக்காரர் ஒருவரும் துப்பாக்கிக்கு இரையானார். தண்டம் பெற்றவருள் ஒருவரின் உடன்பிறந்தவரான ஜேம்ஸ் அயர்ஸ், கலகத்தை முன்னின்று நடத்தியமைக்காகக் கொலைக் குற்றவாளி எனத் தீர்க்கப்பெற்று, 1799ஆம் ஆண்டில் மரண தண்டனை பெற்றார்.

1800ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தால் நதிக் காவல் அரசின் அங்கமாயிற்று. 1839இல் மாநகரக் காவலோடு இணைந்தது. 1802ஆம் ஆண்டில் மேற்கிந்தியக் கப்பல்துறை திறக்கப்பட்டது. உயர்ந்த மதிலும் அகழியும் சூழ்ந்த அத்துறைக்குள் கப்பல்கள் கோட்டைக்குள் நிற்பன போல் நின்றன.

வழக்கமா? களவா?

ஒரு கூடை கரிக்காக இத்தனை பேர் ஏன் வெகுண்டெழுந்தனர்? இவ்வினாவிற்கு விடை தேடாமல் இவ்வரலாறு நிறைவுறாது.

நிலக்கரி சுமப்போர் சிறிது கரியை வீட்டிற்குக் கொண்டு செல்வது நெடுநாள் வழக்கம். அதனைத் தம் ஊதியத்தின் ஒரு பகுதியாகவே அவர்கள் கருதினர். பீப்பாயிலிருந்து சிந்திய சர்க்கரையைக் கூட்டி எடுப்பதும் அவ்வாறே. சரக்கிறக்குவோருக்கு மேஸ்திரிமார் மிகக் குறைந்த கூலியே கொடுத்தனர். கூலியே பெறாமல் வேலைக்கு வந்தவரும் உளர் என்பதைக் கொல்கூனே ஒப்புக்கொள்கிறார். கரி சுமப்போருக்கு வேலை பிடித்துக் கொடுத்தவர் மதுக்கடைக்காரர். கூலியில் ஒரு பகுதி அவர் கடையிலேயே கரைந்தது. நம் தோட்டங்களின் கள்ளுக்கடையை அறிந்தவர்க்கு இது புதுக்கதை அன்று. கயிற்றை அறுத்துத் தோணியைச் சூறையாடிய கொள்ளையனும், இரு கைப்பிடிக் கரியைக் கொண்டு சென்ற கூலியும் ஒரே சட்டத்தின் முன் ஒரே பெயரால் நிறுத்தப்பட்டனர். அதுவே வாப்பிங்கில் தீப்பந்தமாக எழுந்தது.

மற்றொன்றும் உண்டு. காவலுக்குப் பணம் தந்த வணிகரின் சர்க்கரை எவ்வாறு விளைந்தது? ஆப்பிரிக்காவிலிருந்து கவர்ந்து வரப்பட்ட அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. மேற்கிந்தியக் கப்பல்துறையை அமைக்க முன்னின்ற ராபர்ட் மில்லிகன், ஜமைக்காவில் 500க்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர். அத்துறையின் அருகே நின்ற அவர் சிலை 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் அகற்றப்பட்டது. சர்க்கரையைத் திருடியவனைப் பிடிக்கக் காவல் இருந்தது. மனிதரைத் திருடியவரைப் பிடிக்க அன்று காவல் இல்லை.

பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிப்பு 1834இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் கரும்புத் தோட்டங்களுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் நம் மலாயாவின் புரோவின்ஸ் வெல்லெஸ்லிக்கும் தமிழர் கொண்டுவரப்பட்ட வரலாறு அச்சர்க்கரையோடு பின்னியது. ஆகவே, தேம்ஸ் நதியின் கதை நமக்கு முற்றிலும் அயலார் கதை அன்று.

வகுப்பறையில் நாம்

என் தந்தையார் பால்மரம் வெட்டும் தொழிலாளி. மறுநடவுக்காகச் சாய்த்த பழைய ரப்பர் மரங்களின் கிளைகளை விறகாக எடுத்துக்கொள்வது எங்கள் தோட்டத்தில் தலைமுறை வழக்கம். புதிதாக வந்த துரை ஒருவர் அதனைக் களவு என்றார். என் தந்தையாருக்கு ஒரு நாள் கூலி பிடிக்கப்பட்டது. கிராணியின் ஏட்டில் காரணமும் எழுதப்பட்டது. விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு அவர் லயத்துக்குத் திரும்பிய அந்த மாலை எனக்கு இன்றும் மறக்கவில்லை. அதன்பின் எங்கள் வீட்டில் எவரும் அதைப்பற்றிப் பேசியதில்லை.

களவு தீது என்பதில் ஐயமில்லை. வள்ளுவர் கள்ளாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை நாம் மாணவர்க்கு உறுதியாகக் கற்பித்தல் வேண்டும். ஆனால், வரலாற்று ஆசிரியர் இன்னொன்றையும் கற்பிக்கக் கடமைப்பட்டவர். ஏடு எவர் கையில் இருக்கிறதோ அவரே களவு இன்னது என்று எழுதுகிறார். கொல்கூனின் நூல் நமக்குக் கிடைத்திருக்கிறது. அன்று கரி சுமந்தவர் எழுதிய நூல் கிடைக்கவில்லை. எண்களைப் படிக்கும் மாணவன், அவற்றை எண்ணியவர் யார், எழுதப்படாத பக்கம் எது என்று கேட்கப் பழகுதல் வேண்டும். அவ்வினாவை அவன் உள்ளத்தில் விதைத்துவிட்டால் நாம் வரலாறு கற்பித்தவராவோம். இல்லையேல், கிராணியின் ஏட்டை உரக்கப் படித்தவரே ஆவோம்.