விசுவாசப் பிரமாணம்: மனப்பாடமா, அறிக்கையா?



பள்ளிச் சபைகூடலில் நம் மாணவர்கள் தேசியக் கோட்பாட்டை ஒருமித்த குரலில் கூறுவதை நாம் அறிவோம். 1969 மே 13 கலவரத்தின் பின், 1970 ஆகஸ்டு 31ஆம் நாள் பிரகடனம் செய்யப்பட்ட அக்கோட்பாட்டின் ஐந்து நெறிகளுள் முதலாவது, இறைவன்மீது நம்பிக்கை வைத்தல். ஒருநாள் சபைகூடல் முடிந்ததும் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "ஐயா, எங்கள் தேவாலயத்திலும் இப்படித்தான் எல்லாரும் எழுந்து நின்று ஒன்றைச் சொல்வோம். பாட்டிக்கு அது முழுதும் மனப்பாடம். எனக்குத்தான் பொருள் விளங்கவில்லை" என்றான். பீடோங் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் சீவிய அப்பாட்டி எழுத்தறியாதவர். அவன் சொன்னது கிறிஸ்தவர்களின் விசுவாசப் பிரமாணம். அதன் வரலாறு தமிழோடு பின்னிப் பிணைந்தது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பிரமாணங்கள் கேள்வியிலும் பூசலிலும் பிறந்தவை. திருமுழுக்குப் பெற வந்தோரிடம் "தந்தையை நம்புகிறாயா? மகனை நம்புகிறாயா?" என்று ஆதித் திருச்சபை வினவியது. அவ்வினாக்களுக்குரிய விடைகளே உரோமையில் வளர்ந்து, பின்னாளில் அப்போஸ்தலர் பிரமாணம் எனப் பெயர் பெற்றன. நிசேயப் பிரமாணத்தின் கதை வேறு. இயேசு படைக்கப்பட்டவரே என்று அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் என்ற குரு போதித்ததால் பெரும்பிளவு நேர்ந்தது. பேரரசர் கான்ஸ்டன்டைன் 325இல், இன்றைய துருக்கியிலுள்ள நிசேயாவில் ஆயர்களைக் கூட்டினார். அங்கு வகுத்த அறிக்கை 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் விரிவு பெற்றது.

இனித் தமிழுக்கு வருவோம். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தமிழ் அறியாதவர். இருமொழி தெரிந்தோரைக் கூட்டி, பிரமாணத்தையும் செபங்களையும் தமிழாக்கி, தாமே மனனம் செய்தார். கையில் மணியுடன் தெருக்களில் சென்று சிறுவர்களைச் சேர்த்தார். ஞாயிறுதோறும் பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியையும் சொல்லி, "இதனை உறுதியாக நம்புகிறீர்களா?" என்று கேட்பார். மக்கள் கைகளை மார்பில் குறுக்காக வைத்து, நம்புகிறோம் என்பர்.

ஆயினும் அம்மொழிபெயர்ப்பில் பிழை இருந்தது. 1544இல் தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியாரே அதனைத் திருத்துகிறார். நம்புகிறேன் என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்னும் சொல் நின்றிருந்தது. அதனை நீக்கி விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடும்படி பணித்தார். இயேசு வலுக்கட்டாயத்தால் பாடுபட்டார் எனப் பொருள்பட்ட ஒரு சொல்லையும் விலக்கினார். அவர் மனமுவந்தே பாடுபட்டார் என்பதே கொள்கை. கடவுளை நம்புவதற்கும் கடவுள் வேண்டும் என்பதற்கும் எத்தனை தூரம்! ஒரு வினைச்சொல் பிழைத்தால் ஒரு சமயமே வேறாகிவிடும் என்பதை மொழியாசிரியர்களாகிய நாம் இங்கே காண்கிறோம்.

1545இல் மலாக்கா வந்த சவேரியார் அதே பிரமாணத்தை மலாய் மொழியிலும் பெயர்த்தார் என்பது நம் நாட்டவர் அறியவேண்டிய செய்தி.

அவருக்குப் பின் வந்த அண்டிரிக் பாதிரியார் தமிழை முறையாகக் கற்றார். 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. பதினாறே பக்கங்கள், தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையது. அதன் உள்ளடக்கம் விசுவாசப் பிரமாணம், செபங்கள், கட்டளைகள். ஆகவே தமிழ் அச்சுக்கலையின் தொட்டிலிலேயே இப்பிரமாணம் கிடந்தது எனலாம்.

சீர்திருத்தச் சபைகளுக்கும் தத்தம் அறிக்கைகள் உண்டு. லுத்தரன்கள் 1530இல் ஆக்ஸ்பர்க் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லசின் முன் தம் அறிக்கையைப் படைத்தனர். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க், லுத்தரின் ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் பிறரும் அப்போஸ்தலர், நிசேயப் பிரமாணங்களைப் பொதுவாக ஏற்று இணைந்தனர். தமிழ் லுத்தரன் சபையோ அவ்விணைப்பில் சேரவில்லை. பிரமாணம் பாலமாகவும் நிற்கும்; வேலியாகவும் நிற்கும். வேதம் ஒன்றே போதும் என்று கருதும் பெந்தெகொஸ்தே சபைகளோ பெரும்பாலும் இதனை ஓதுவதில்லை.

சொற்களும் காலந்தோறும் மாறின. அண்டிரிக்கின் தம்பிரான், கத்தோலிக்கரின் சர்வேசுரன், பப்ரிசியுசின் பராபரன், பின்னர் வந்த தேவன், இன்றைய கத்தோலிக்கரின் கடவுள்: ஒரே இறைவனுக்கு எத்தனை தமிழ்ச் சொற்கள்! பாட்டி 'விசுவசிக்கிறேன்' என்பார்; பேரன் 'நம்புகிறேன்' என்பான்.

கெடாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த கிறிஸ்தவத் தமிழர் பலர் ஏடு எதனையும் கொண்டுவரவில்லை. உபதேசியார் சொல்ல, கேட்டு நெஞ்சில் பதித்ததே அவர்தம் நூலகம். பின்னாளில் இரப்பர் அழிந்து செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயங்களை விட்டு மக்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் பெயர்ந்தனர். லயத்தை இடிக்கலாம், நெஞ்சிலுள்ளதை இடிக்க இயலாது.

எனினும் என் மாணவனின் குறை உண்மையானதே. மனப்பாடம் பாதுகாக்கும், பொருள் உணர்த்தாது. சவேரியாரின் மக்கள் 'வேணும்' என்று பிழையாக ஓதியபோதும் முழுமனத்தோடு கைகட்டி நின்றனர். திருத்த ஒருவர் இருந்ததால் பிழை நீங்கியது. பாட்டியிடம் சொற்கள் உள்ளன. பேரனிடம் கேள்வி உள்ளது. பிரமாணம் முதலில் கேள்விக்கு விடையாகப் பிறந்தது அன்றோ? ஆகவே அவனிடம், "இன்றிரவே பாட்டியிடம் ஒவ்வொரு வரியாகக் கேள்" என்றேன்.

மறுநாள் வந்து, "பாட்டிக்கும் இரண்டு இடங்களில் பொருள் தெரியவில்லை, ஐயா. ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாமியாரிடம் கேட்கப் போகிறோம்" என்றான். ஓர் ஆசிரியனுக்கு வேறென்ன வேண்டும்?